ஒரு வண்டி ஓக் விறகு

ஸ்டாரா லிபா
20 அக்டோபர் 1996

அன்புள்ள நெடா,

இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் வேலை செய்கிறது. நீயும் சப்ரி மாப்பிள்ளையும் எமினேக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இதைச் சொல்லியாகிவிட்டது, இனி கோபத்துக்கு வருகிறேன்.

படிப்பகத்தில் அடுத்த புத்தகம் தேர்ந்தெடுக்கும் வேளை. நீ டீச்சராக இருந்தபோது போட்டுவைத்த முறைதான் இன்னும் நடக்கிறது. பனிக்காலம் முழுக்க ஞாயிறு மதியம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒரே புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கிறோம். எது வேண்டுமோ அதன் முன்னால் ஆளுக்கொரு விறகுக்கட்டை வைக்கிறோம். பெரிய குவியல் ஜெயிக்கும், அந்த விறகே அடுப்புக்கும். நீ 89-ல் மாப்பிள்ளையோடு எல்லை தாண்டித் துருக்கிக்குப் போய்விட்டாய். நாங்கள் இன்னும் கட்டை சுமக்கிறோம்.

இந்த வருடம் நான் ஒரு மாலுமியின் காதல் கதையை வாசிக்கலாம் என்றேன். அழுக்கான பழைய அட்டை, ஆனால் உள்ளே நல்ல காற்று வீசும். தையல்கார பென்கா என்ன சொன்னாள் தெரியுமா? நம் பிளகோய் அண்ணன் எழுதிய புத்தகத்தை! ஆமாம், அண்ணன் புத்தகம் எழுதிவிட்டான். அப்பாவைப் பற்றி, நம் வீட்டைப் பற்றி. அச்சடித்துப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறான். உடன்பிறந்தவள் என்று எனக்கு மட்டும் முதல் பிரதி கொடுத்தான். படித்து முடித்து உருளைக்கிழங்குச் சாக்குக்கு அடியில் போட்டுவிட்டேன்.

"நம்ம ஊர் ஹெட்மாஸ்டர் எழுதினத நாம படிக்காம வேற யாரு படிப்பா?" என்கிறாள் பென்கா.

"நடை சரியில்ல" என்றேன்.

"உனக்கு உங்கண்ணன் நடந்தாலே பிடிக்காது, எழுதினா பிடிக்குமா?" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். அந்தப் புத்தகம் அந்த அறைக்குள் நுழையாது. நான் இருக்கும்வரை நுழையாது.

மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? எழுது.

உன் அக்கா
ரூஷா

*

புர்சா
9 நவம்பர் 1996

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். சப்ரியின் முதுகு துணி ஆலையின் மூட்டைகளோடு ஒருவழியாகச் சமாதானம் செய்துகொண்டது. உன் முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலையைச் சூடாக்கிக் கட்டு. நீ கட்டமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

அண்ணன் புத்தகம் எழுதியிருக்கிறான் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. பள்ளியில் அவன் எழுதும் சுற்றறிக்கையே மூன்று பக்கம் போகும்! படிக்கட்டுமே, உனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? ஒரு கெட்ட புத்தகத்தை ஒரு குளிர்காலம் முழுக்கத் திட்டித் தீர்ப்பதும் நல்ல பொழுதுதான்.

நம் வீட்டைப் பற்றி என்றால் என்னைப் பற்றியும் எழுதியிருப்பான். என்ன எழுதியிருக்கிறான்?

கட்டை வைக்கும் முறை இன்னும் இருக்கிறது என்று மகள் எமினேயிடம் சொன்னேன். "நீயா கண்டுபிடிச்ச?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பென்காவையும் நூலகர் ஸ்லாத்தாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
நெடா

*

ஸ்டாரா லிபா
25 நவம்பர் 1996

நெடா,

நலம். நீங்களும் அப்படியே இருங்கள்.

நேற்று எண்ணும் நாள். மாலுமிக்கு முன்னால் ஆறு கட்டை, அண்ணனுக்கு முன்னால் ஐந்து. ஜெயித்துவிட்டேன் என்று அங்கியைக் கழற்றுகிறேன், வாசலில் குதிரை கனைக்கிறது. ஒரு வண்டி நிறைய ஓக் விறகு! காய்ந்த, பிளந்த, ஒரே அளவில் வெட்டிய ஓக். இந்த வருடம் இந்த ஊரில் ஓக் விறகைக் கண்ணால் பார்த்தவர் யார்? நாங்கள் பிளம் மரக்கிளையையும் உடைந்த நாற்காலிக் காலையும் கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

வண்டிக்காரன் உள்ளே வந்து, "ஹெட்மாஸ்டர் அய்யா அனுப்பிச்சாரு. அவரு புத்தகத்துக்கு முன்னால இறக்கச் சொன்னாரு" என்கிறான்.

நான் போய் வண்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "ஆளுக்கு ஒரு கட்டை! ஒருத்தன் பணத்தக் கொட்டி வாங்குறதுக்கு இதென்ன சந்தையா?" என்று கத்தினேன்.

"ஆளுக்கு ஒண்ணுன்னு எங்க எழுதியிருக்கு?" என்றாள் பென்கா.

எங்கும் எழுதியிருக்கவில்லை. நீ எழுதவில்லை, நெடா. இத்தனை வருடத்தில் இரண்டாவது கட்டை கொண்டுவருமளவு வெட்கம் கெட்டவர் நம் ஊரில் யாரும் இல்லை, அதனால் எழுத வேண்டியிருக்கவில்லை.

ஸ்லாத்தா என் கையைப் பிடித்து, "ரூஷா, என் விரல் விறைச்சுப் போயி பக்கத்தத் திருப்ப முடியல. மானம் ரோஷமெல்லாம் வசந்தத்துல பாத்துக்கலாம், இறங்கு. இல்லன்னா அந்தப் புத்தகம் ஏன் வேணாம்னு காரணத்தச் சொல்லு" என்றாள்.

நான் சொல்லவில்லை. சொன்னால் சாயந்திரத்துக்குள் ஒவ்வொரு அடுப்படியிலும் அதுதான் பேச்சு. இறங்கினேன். விறகை இறக்கினார்கள். ஒரு வண்டி ஓக்குக்கு விலைபோன கூட்டத்தில் இனி நான் வாய் திறக்கப்போவதில்லை.

ஒரே ஒரு ஆறுதல். எழுதியவரே வந்து வாசிக்க வேண்டும் என்று பென்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள். அண்ணன் பனிக்காலத்துக்கு மாவட்டத் தலைநகரில் மகன் வீட்டில் இருக்கிறான். அவன் வரும்வரை போன வருடப் புத்தகத்தின் மிச்சத்தை வாசிப்பார்கள்.

எமினேவுக்கு முத்தம்.

ரூஷா

*

புர்சா
14 டிசம்பர் 1996

அக்கா,

நலமாக இருக்கிறோம். நீயும் இரு.

ஒரு வண்டி ஓக்! படித்துவிட்டுச் சப்ரி விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முறை நான் போட்டது, ஓட்டையும் நான் விட்டது.

ஆனால் அக்கா, நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவன் என்ன எழுதியிருக்கிறான்? துருக்கியனோடு ஓடிப்போனவள் என்று எழுதியிருந்தால் எழுதியிருக்கட்டும். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று ரயிலடியில் அதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன். குடும்ப மானத்தை விற்றவள், அப்பாவைச் சாகடித்தவள், எது வேண்டுமானாலும் எழுதியிருக்கட்டும். நான் இங்கே இரவும் பகலும் ஒவ்வொரு வசவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் எழுதியது இதில் ஒன்றாகத்தான் இருக்கும். எது என்று சொல்லிவிடு, நிம்மதியாகப் போகும்.

புத்தகத்தையே அனுப்பினாலும் சரி.

நெடா

*

ஸ்டாரா லிபா
10 ஜனவரி 1997

அன்புள்ள நெடா,

புது வருட வாழ்த்து. உங்கள் மூவருக்கும் ஆரோக்கியமும் சூடான வீடும் கிடைக்கட்டும்.

இங்கே ரொட்டிக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. தலைநகரில் ஜனங்கள் அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் நிற்கிறார்கள். மாவட்டச் சாலையை லாரிகளை நிறுத்தி மறித்துவிட்டார்கள், அண்ணனும் வர முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. ஸ்லாத்தாவுக்குச் சளி. பண்டிகைக்குப் பூசணிப் பணியாரம் செய்தேன், சர்க்கரை இல்லாமல். பென்காவோடு பேச்சில்லை. எதிரில் வந்தால் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

புத்தகத்தைத் தபாலில் அனுப்புவது இப்போது கஷ்டம். கனமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரூஷா

*

புர்சா
26 ஜனவரி 1997

அக்கா,

நலம் கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

பூசணிப் பணியாரத்தைப் பற்றி நான் கேட்டேனா? சாலை, லாரி, ஸ்லாத்தாவின் மூக்கு எல்லாம் உன் கடிதத்தில் இருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை. உன் வாயிலிருந்து வரவில்லை என்றால் பென்காவுக்கு எழுதிக் கேட்பேன்.

நெடா

*

ஸ்டாரா லிபா
9 பிப்ரவரி 1997

நெடா,

பென்காவுக்கு எழுதாதே. சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அவன் உன்னைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

முதல் பக்கத்தில், "எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள்" என்று ஆரம்பிக்கிறான். அவனும் நானும். அவ்வளவுதான். நீ திட்டு வாங்கவில்லை, நெடா. நீ பிறக்கவே இல்லை.

இன்னும் கேள். சில சம்பவங்களை அவனால் விட முடியவில்லை. ஓடையில் பனி உடைந்து அப்பா விழுந்த நாளை எப்படி விடுவான்? ஊரே பார்த்ததாயிற்றே. வில்லோ மரக்கிளையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் அப்பாவின் கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டு, ஆள் வரும்வரை நீ தொங்கினாயே, அது புத்தகத்தில் இருக்கிறது. செய்தது யார் தெரியுமா? "பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி." அம்மா காலொடிந்து கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்துக் காட்டியது பக்கத்து வீட்டுப் பெண். அப்பாவின் மருந்துக்கு நகரத்துக்கு நடந்து போனது பக்கத்து வீட்டுப் பெண். நமக்கு எங்கே இருந்தது பக்கத்து வீடு? ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் பள்ளிக்கூட வேலி! அந்தப் பெண் ஓடைக்குள்ளா குடியிருந்தாள்?

அச்சாகி வந்ததும் அவனிடம் நேரில் கேட்டேன். "ரூஷா, உனக்குப் புரியாது. எண்பத்தஞ்சுல நான் உட்கார்ந்த இடம் எல்லாருக்கும் தெரியும். அவ பேர எழுதினா அவ புருஷன் பேர எழுதணும், புருஷன் பேர எழுதினா எந்தப் பேருன்னு படிக்கிறவன் கேப்பான்" என்றான். மாப்பிள்ளையின் பெயரை வெட்டிவிட்டு 'சாவா' என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்த அந்த மேசையில் இவன் உட்கார்ந்திருந்தானே, அதைச் சொல்கிறான். துருக்கிப் பெயரே கூடாது என்ற அரசாங்க உத்தரவுக்கு ஊரிலுள்ள துருக்கியர் எல்லாரும் வரிசையில் நின்று ஒரு நாளில் வேறு ஆட்களாகித் திரும்பினார்களே. அந்த மேசையும் புத்தகத்தில் இல்லை.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? பென்காவிடம், ஸ்லாத்தாவிடம் எப்படிச் சொல்வேன்? சாலை திறந்ததும், நீ தொடங்கிய அறையில், நீ இல்லாத வீட்டின் கதையை வாசிக்கப்போகிறார்கள்.

ரூஷா

*

புர்சா
23 பிப்ரவரி 1997

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று ஆலைக்குப் போகவில்லை. சப்ரி படித்துவிட்டு வெளியே போனார், ரொட்டி வாங்கி வந்தார், மறுபடி போய் மறுபடி ரொட்டி வாங்கி வந்தார்.

எனக்கு அவன்மேல் இருக்கும் கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது, அதனால் எழுதவில்லை. உன்மேல் இருப்பதை எழுதுகிறேன். அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. விறகு வண்டிமேல் ஏறி உட்கார்ந்தாயே, அப்போது ஒரு வார்த்தை, "என் தங்கச்சிய இதுல காணோம்" என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நீ "நடை சரியில்ல" என்றாய். அவன் புத்தகத்தில் என்னை மறைத்தான், அவன் மறைத்ததை நீ என்னிடமே மறைத்தாய். உன் மறைப்பில் பாசம் இருக்கிறது என்று தெரியும். இந்த வாரம் எனக்கு அது போதவில்லை.

இப்போது நான் சொல்வதைச் செய். புத்தகத்தைத் தடுக்காதே. வாசிக்கட்டும், அவனே வந்து வாசிக்கட்டும். நீ அழாதே, சண்டை போடாதே, என்னைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லாதே. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் வரும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேள். அவள் பெயர் என்ன?

வாசிப்பு வட்டத்தில் எழுதியவரிடம் கேள்வி கேட்கலாம். அதுவும் நான் போட்ட முறைதான்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நெடா

*

ஸ்டாரா லிபா
17 மார்ச் 1997

என் நெடா,

நாங்கள் எல்லாரும் நலம். நான், பென்கா, ஸ்லாத்தா, எல்லாரும். ஆமாம், பென்காவும்.

நேற்று அண்ணன் வந்தான். கறுப்புக் கோட், டை, மார்ச் மாதத்துக்குக் கட்டும் சிவப்பு வெள்ளைக் கயிற்றைக்கூட மணிக்கட்டில் எடுப்பாகக் கட்டியிருந்தான். அடுப்பு முழங்குகிறது. அறைக்குள் அப்படி ஒரு சூடு, பெண்கள் எல்லாரும் சால்வையைக் கழற்றிவிட்டார்கள். அவன் எழுந்து நின்று, "எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள்" என்று ஆரம்பித்தான். ஸ்லாத்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஓடை வந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான், பாவி. பனி உடையும் சத்தம் காதில் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கோட்டைப் பிடித்தாள் என்று வாசித்தான். நான் கேட்க வாயைத் திறப்பதற்குள் வேறொரு குரல் முந்திக்கொண்டது.

கேட்டது பென்கா.

"ஹெட்மாஸ்டர் சார், ஒரு நிமிஷம். அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"அது... ரொம்ப வருஷமாச்சு. ஞாபகம் இல்லம்மா."

"எனக்கு இருக்கு சார். கயிறு கொண்டுவந்தது எங்கப்பாதானே? அவரு பின்னாலேயே ஓடிவந்தேன். அவ கைய மரத்துலேர்ந்து பிரிச்சு எடுக்க முடியல, பட்டையோட வந்துச்சு. மறுநாள் கட்டுப்போட்ட கையோட என் பக்கத்துல வகுப்புல உட்கார்ந்தா. அவ பேரு என்ன சார்?"

"பென்கா, இது இலக்கியம். இலக்கியத்துல எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. அப்ப இருந்த நிலைமை உங்களுக்கெல்லாம் தெரியும்."

"அப்ப நீங்க பயந்தீங்க, சரி, நாங்களும் பயந்தோம். நான் என் ஜன்னலச் சாத்திக்கிட்டேன். இது தொண்ணூத்தேழு. இப்ப யாருக்குப் பயந்து எழுதுனீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். தங்கை காப்பாற்றுவாள் என்று நினைத்தான் போல. நீ சொன்னபடி நான் அழவில்லை, சண்டை போடவில்லை. "அண்ணா, அவ பேரு என்ன?" என்றேன். அப்புறம் ஸ்லாத்தா கேட்டாள். அப்புறம் கோழிப்பண்ணை மாரூஷ்கா. ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லாரும் கேட்டார்கள். யாரும் கத்தவில்லை நெடா, அதுதான் பயங்கரமாக இருந்தது. ரொட்டி விலை கேட்பதுபோலக் கேட்டார்கள்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். போட்டான். மறுபடி துடைத்தான். புத்தகத்தை மூடிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு பெயர், நெடா. இரண்டே எழுத்து. சொல்லவில்லை.

அவன் போனதும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஸ்லாத்தா அவன் விட்டுப்போன இடத்திலிருந்து வாசித்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வரும் இடத்திலெல்லாம் நெடா என்று வாசித்தாள். இந்தப் புத்தகத்தைக் கடைசிவரை இப்படியே வாசிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

வாசலில் பென்கா என் கையைப் பிடித்து, "ஏண்டி, இதத் தெரிஞ்சே ஒரு குளிர்காலம் பூரா என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று திட்டினாள். நீயும் திட்டிவிட்டாய். இரண்டும் சரிதான்.

உன் அக்கா
ரூஷா

*

ஸ்டாரா லிபா
30 மார்ச் 1997

அன்புள்ள தங்கை நெடாவுக்கு,

நலம், நீயும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீண்ட காலத்துக்குப் பின் எழுதுவதால் வியப்பாயிருக்கும்.

என் நூல் குறித்து ஊரில் தேவையற்ற பேச்சு எழுந்துள்ளது. கடைக்குப் போனாலும் தபால் நிலையம் போனாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். நேற்று என் பழைய மாணவன் ஒருவன், சாலையைக் கடந்து வந்து கேட்டான். இந்த வயதில் எனக்கு இது பெரும் மனவேதனை. அன்றைய சூழலை நீ புரிந்துகொள்வாய், நீ எப்போதும் புத்திசாலி.

இரண்டாம் பதிப்பில் உன் பெயரைச் சேர்க்கத் தயாராக இருக்கிறேன். உன் சம்மதத்தை இரண்டு வரி எழுதி, படிப்பகத்துப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை சொன்னால் இந்த விவகாரம் முடியும்.

அப்பா இருந்தால் இதையே விரும்பியிருப்பார்.

உன் அண்ணன்
பிளகோய்

*

புர்சா
20 ஏப்ரல் 1997

மதிப்பிற்குரிய பிளகோய் அவர்களுக்கு,

நீங்கள் என்று எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிமுகம் இல்லாதவர்களுக்கு நான் மரியாதையாகத்தான் எழுதுவேன்.

சம்மதம் கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

என் பெயரைச் சேர்க்காதீர்கள். ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். ஒருமுறை என் கணவருக்கு அவர் கேட்காத பெயரைக் கொடுத்தீர்கள். பிறகு என் பெயரை எடுத்துக்கொண்டீர்கள். மூன்றாவது முறை உங்கள் பேனா எங்கள் பக்கம் வர வேண்டாம். அந்தப் புத்தகம் இருக்கும்வரை நீங்கள் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். இரண்டாம் பதிப்பில் என்னைச் சேர்த்துவிட்டால் முதல் பதிப்பில் நீங்கள் செய்தது மறைந்துபோகும். மறைப்பதில் உங்களுக்குப் பழக்கம் உண்டு, நான் உதவப்போவதில்லை.

படிப்பகத்துப் பெண்களுக்கு நான் எழுதிவிட்டேன். நிறுத்துங்கள் என்று எழுதவில்லை.

வழக்கப்படி முடிக்கிறேன். நீங்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்க வேண்டும், உங்கள் காது நன்றாகக் கேட்க வேண்டும், நெடுநாள் வாழ வேண்டும். கடையிலும் தபால் நிலையத்திலும் சாலையிலும் நம் ஊர்க்காரர்கள் உங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நெடா